பெருநிகழ்வு ஒத்திகை

மெத்தைக்காரர் அந்த நிறுவனத்தைப் பற்றி முதன்முதலாகக் கேள்விப்பட்டது ஒரு சாவு வீட்டில்.

இறந்துபோனவர் சிமெண்ட் வியாபாரி. மெத்தைக்காரரின் தொழிற்சாலையில் செய்த மெத்தையில்தான் கடைசிவரை படுத்திருந்தார் என்பதால் அவர்மேல் ஒரு கூடுதல் பாசம். அவருடைய இரண்டு மகள்களும் வாசலில் ஆளுக்கொரு காரில் வந்து, இறங்காமல் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் இறங்குகிறவர் விட்டுக்கொடுத்துவிட்டதாக ஆகிவிடும் என்று இரண்டு பக்கத்து வக்கீல்களும் சொல்லிவைத்திருந்தார்களாம். இரண்டு காரிலும் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே அப்பா காத்துக்கொண்டிருந்தார். அவருக்கு மட்டும் அவசரம் ஒன்றும் இல்லை.

துக்கம் கேட்க வந்தவர்களில் ஒருவர் மட்டும் கைகுலுக்கும்போதே உள்ளங்கையில் ஒரு அட்டையையும் வைத்துவிட்டார். சாம்பல் நிறக் கோட்டு, அதே நிறத்தில் முகம். 'ஏழேழு தலைமுறை நிறுவனம்' என்றது அட்டை. பெயருக்குக் கீழே, 'தலைமை மரபுக் காவலர்' என்றிருந்தது.

"இதையெல்லாம் தவிர்த்திருக்கலாம்," என்றார் அவர், கண்ணால் கார்களைக் காட்டி.

"இவங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லலையா சார்?"

"சொல்லாம இருப்போமா. மூத்த மகளுக்கு நாங்கதான் ஆலோசனை. இளைய மகளுக்கும் நாங்கதான். வேற மாடி."

மெத்தைக்காரர் இதைச் சரியாகக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அவர் கண் அந்தக் கார்களை விட்டு அகலவில்லை.

அவருக்கும் இரண்டு பிள்ளைகள். மகன் உற்பத்தியைப் பார்த்துக்கொண்டான், மகள் விற்பனையை. தொழிற்சாலையில் இருவருக்கும் ஒரே அறை, எதிரும் புதிருமாக இரண்டு மேசை. காலையில் வந்ததிலிருந்து ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டேதான் வேலை நடக்கும்.

"அண்ணா, நீ அனுப்பின சாம்பிள்ல ஸ்பிரிங் சத்தம் போடுது. வாங்கினவன் புரண்டு படுத்தா பக்கத்து வீட்டுக்காரன் எழுந்துக்கறான்."

"அப்ப பக்கத்து வீட்டுக்காரனுக்கும் ஒண்ணு வித்துட்டு வா. அதுக்குத்தானே உன்ன வச்சிருக்கு."

மத்தியானம் அவன் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்குள் அவள் அதில் பாதியைக் காலி செய்திருப்பாள். மனைவி போன பிறகு மெத்தைக்காரருக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு, அந்த அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படிப்பதுபோல் இதைக் கேட்டுக்கொண்டிருப்பதுதான். தொழிற்சாலை, அடுக்குமாடிக் கட்டடம், ஊருக்கு வெளியே நிலம் எல்லாம் எக்கேடு கெட்டுப் போகட்டும். தான் போன பிறகு இந்தப் பேச்சு நின்றுவிடக்கூடாது. சாவு வீட்டிலிருந்து வீடு திரும்பும்போது அவருக்கு இருந்த கவலை இது ஒன்றுதான்.

மறு வாரம் அட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வரவேற்பில் இருந்த பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க எந்தத் தலைமுறை சார்?"

"புரியலைம்மா."

"சொத்து நீங்க சம்பாதிச்சதா, உங்களுக்கு வந்ததா?"

"நான்தான் சம்பாதிச்சேன்."

"அப்ப முதல் தலைமுறை. அந்தப் பக்கம் உக்காருங்க."

முதல் தலைமுறைக்கு மர நாற்காலி. இரண்டாம் தலைமுறைக்கு மெத்தை வைத்த நாற்காலி. மூன்றாம் தலைமுறைக்குச் சாய்வு சோபா. அதில் இரண்டு இளைஞர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மெத்தைக்காரர் தொழில் புத்தியில் சோபாவை எட்டி ஒருமுறை அமுக்கிப் பார்த்தார். மட்டமான ஃபோம்.

தலைமை மரபுக் காவலரின் அறையில், சந்தேகம் கேட்கவந்த மாணவனைப்போல் கையைக் கட்டிக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"நான் செத்தா..."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த உதவியாளர்கள் இருவரும் குளிர்ந்த நீர் மேலே பட்டதுபோல் சிலிர்த்துக்கொண்டார்கள்.

"நாங்க அந்த வார்த்தையப் பயன்படுத்தறதில்ல ஐயா," என்றார் காவலர். "பெருநிகழ்வுன்னு சொல்லுவோம்."

"சரி, பெருநிகழ்வு ஆனா, பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் பாதிப் பாதின்னு எழுதிடலாம்னு இருக்கேன். இதே மாதிரி ஒத்துமையா இருக்கணும். அவ்வளவுதான்."

காவலர் கண்களை மூடிக்கொண்டார். உதவியாளர் ஒருவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"இந்தப் பாதிப் பாதியப் பத்தி வெளியில யார்கிட்டயும் சொல்லிடலையே?"

"இல்லையே. ஏன் சார்?"

"நல்லவேளை," என்று மூச்சு விட்டார் காவலர். "ஐயா, ஒரு சாதாரணக் குடும்பம் பாதிப் பாதின்னு எழுதிக்கலாம். உங்களுடையது குடும்பம் இல்ல, மரபு. மரபைப் பிரிக்க முடியாது, வடிவமைக்கத்தான் முடியும். முதல்ல உங்க குடும்பத்தோட ஆதார விழுமியம் என்னன்னு கண்டுபிடிக்கணும்."

கண்டுபிடிப்பு ஒரு ஓட்டல் மண்டபத்தில் நடந்தது. வட்டமாக நாற்காலி போட்டு மூவரையும் உட்காரவைத்து நடுவில் அட்டைகளைப் பரப்பினார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு விழுமியம் அச்சாகியிருந்தது. தொலைநோக்கு, மேன்மை, பொறுப்புடைமை, நிலைத்தன்மை. ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். மெத்தைக்காரர் எல்லா அட்டையையும் புரட்டிவிட்டுக் கேட்டார்.

"தூக்கம் இல்லையா?"

"தூக்கம் விழுமியம் இல்ல ஐயா," என்றாள் நிகழ்ச்சியை நடத்திய பெண்.

"நாங்க அதைத்தானேம்மா விக்கறோம்."

மகளும் மகனும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். "அப்பாவுக்குத் தொலைநோக்கக் குடுத்துடுங்க," என்றான் மகன். "கண்ணாடி இல்லாமப் பேப்பர் படிக்கிறாரு, பொருந்தும்."

பிறகு நிறுவனர் வரலாறு. அதை எழுதுவதற்கென்றே ஒருவரை வைத்திருந்தார்கள். அவர் பேனாவைத் திறந்துகொண்டு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"எப்படி ஆரம்பிச்சீங்க?"

"மாமனார் ஒரு ஷெட் குடுத்தாரு."

பேனா நகரவில்லை. "அதுக்கு முன்னாடி? வறுமை, அவமானம், அந்த மாதிரி?"

"இல்லையே. எங்கப்பா ஸ்கூல் ஹெட்மாஸ்டர்."

"பசியாவது எங்கயாவது இருக்கா சார்? கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க."

மெத்தைக்காரருக்குப் பாவமாக இருந்தது. "மத்தியானத்துல வேலை ஜாஸ்தியா இருந்தா லேட்டாதான் சாப்பிடுவேன்," என்றார், உதவும் நோக்கத்தில்.

'பசியின் மடியில் பிறந்தது இந்த மரபு' என்று ஆரம்பமானது குடும்ப சாசனம். அதைத் தோல் அட்டை போட்டுக் கொடுத்தார்கள். ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்கு மகள் அதை ஒரு மாதம் முட்டுக் கொடுத்து வைத்திருந்தாள்.

அதுவரை எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. கருத்துவேறுபாட்டுக் கண்டறிதல் என்று ஒரு கட்டம் வந்தது. மகனையும் மகளையும் தனித்தனி அறையில் உட்காரவைத்து ஒரு நாள் முழுக்கக் கேள்வி கேட்டார்கள். இருவரும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். காவலர் மட்டும் சிரிக்கவில்லை. மெத்தைக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, ஸ்கேன் பார்த்த டாக்டர்போல் குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணும் தெரியல ஐயா."

"நல்லதுதானே?"

"சண்டை இருக்கிற குடும்பத்துக்கு வைத்தியம் பண்ணிடலாம். சண்டையே தெரியலன்னா அது ரொம்ப ஆழத்துல இருக்குன்னு அர்த்தம். எங்க அனுபவத்துல இந்த அளவுக்கு முத்தின குடும்பத்தப் பாத்ததில்ல."

ஆளுக்கொரு ஆலோசகரை நியமித்தார்கள். மகனுடைய ஆலோசகர் இரண்டாவது மாடி, மகளுடையவர் மூன்றாவது மாடி. நடுநிலை கெட்டுவிடக்கூடாது என்று அந்த இருவரும் ஒரே லிஃப்டில் போகமாட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஆனால் லிஃப்ட் வேறு. பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். சின்ன வயதில் நடந்த, மனதை உறுத்துகிற விஷயம் ஏதாவது ஞாபகம் வருகிறதா என்று தினமும் காலையில் யோசிக்க வேண்டும்.

முதலில் மகளுக்குத்தான் வந்தது. ஒரு நாள் மத்தியானம் அவள் டப்பாவை எடுக்கவில்லை.

"ஏன்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார் மெத்தைக்காரர்.

"அண்ணனுக்கு மட்டும் ஏன்பா சைக்கிள் வாங்கிக் குடுத்தீங்க?"

அவருக்கு எந்தச் சைக்கிள் என்பதே புரியச் சற்று நேரமாயிற்று. "உன்ன உக்காரவச்சுதானேம்மா அவன் ஊரெல்லாம் சுத்தினான்?"

"பின்னாடி. பின்னாடிதானே உக்காரவச்சான். நேத்துவரைக்கும் இது எனக்குத் தோணவே இல்லப்பா." அவள் கண் கலங்கியிருந்தது. ஆலோசகர் நல்ல கெட்டிக்காரர்.

மகனுக்கு ஞாபகம் வர இன்னும் கொஞ்ச நாள் ஆயிற்று. வந்தபோது மொத்தமாக வந்தது. தங்கைக்குக் காய்ச்சல் என்று தன்னுடைய பள்ளி விழாவுக்கு யாருமே வரவில்லை. அன்று நாடகத்தில் மர வேஷம் போட்டு மேடையில் நின்றிருந்தான். கைதட்ட ஒரு ஆள் இல்லை. நாற்பதைத் தாண்டிய மனிதன் இதைச் சொல்லும்போது அவனுடைய கீழுதடு பிதுங்கியது.

சொத்தைப் பற்றி இருவரும் நேரில் பேசக்கூடாது என்று ஆலோசனை வந்தது. தொழிற்சாலையில் இருக்கிற எல்லாமே சொத்து. ஆகவே எதைப் பற்றியும் பேச வழியில்லாமல் போயிற்று. அறையின் நடுவே கண்ணாடித் தடுப்பு எழுந்தது. கதவு மகன் பக்கம், ஜன்னல் மகள் பக்கம். அவள் வெளியே போக எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும்; அவனுக்குக் காற்று வர எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும். மழையில் ஃபோம் லோடு நனைந்துவிட்டது என்று மகள் ஒரு வரி எழுதினாள். அது மூன்றாவது மாடிக்குப் போய், அங்கிருந்து இரண்டாவது மாடிக்கு இறங்கி, பதிலாகத் திரும்பி வந்தது: 'ஃபோம் நனைந்திருப்பதாகக் கூறப்படுவதை எங்கள் கட்சிக்காரர் ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.' அதற்குள் ஃபோமில் பூஞ்சை பிடித்துவிட்டது.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மெத்தைக்காரர் இப்போது பேப்பரை உண்மையிலேயே படிக்க ஆரம்பித்திருந்தார். வேறு வழியில்லை. கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

"பிள்ளைங்க பேசிக்கறதில்ல சார்," என்று காவலரிடம் போய் நின்றார்.

"கேள்விப்பட்டோம். வாழ்த்துக்கள்," என்றார் காவலர். "இனிமே ஒத்திகைக்குப் போகலாம்."

பெருநிகழ்வு ஒத்திகை மெத்தைக்காரரின் வீட்டுக் கூடத்தில் நடந்தது. ஒரு மூலையில் நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்து, கழுத்தில் 'மறைந்தவர்' என்று எழுதிய அட்டையை மாட்டினார்கள்.

"கண்ண மூடிக்கணுமா சார்?"

"வேண்டாம் ஐயா. கருத்து மட்டும் சொல்லாம இருந்தா போதும்."

மகன் ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம். அவரவர் ஆலோசகர்கள் அவரவர் காதில். சமையல்காரம்மா ஐயாவுக்கு வழக்கம்போல் காபி கொண்டுவந்தார். காவலர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மறைந்தவருக்குக் காபி குடுத்தா ஒத்திகை செல்லாது."

"அப்ப இது யாருக்கு?" என்றார் சமையல்காரம்மா.

மகனுடைய ஆலோசகர், மூத்தவர் என்ற முறையில் தன் கட்சிக்காரருக்கு என்றார். மகளுடைய ஆலோசகர், அந்தக் காபிப்பொடியை வாங்கிவந்ததே தன் கட்சிக்காரர்தான் என்றார். இருவரும் சட்டப் பிரிவுகளை எடுத்து வீச ஆரம்பித்தார்கள்.

"விவகாரம் தீரற வரைக்கும் அது எங்க பாதுகாப்பில் இருக்கட்டும்," என்று காவலர் டம்ளரை வாங்கிக்கொண்டார். ஆறிப்போய்விடக்கூடாதே என்ற பொறுப்புணர்ச்சியில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தும் முடித்தார்.

பிறகு எழுந்து நின்று பேசினார். "இந்தக் காபிக்கு என்ன நடந்ததோ அதுதான் நாளைக்குத் தொழிற்சாலைக்கும் நடக்கப்போகுது. நீங்க நிம்மதியா இருக்கலாம். கருத்துவேறுபாடு தீரும்வரை எல்லாச் சொத்தையும் எங்க நிறுவனமே நிர்வகிக்கும்."

"கருத்துவேறுபாடு தீந்துடுச்சுன்னு யார் முடிவு பண்றது?" என்று கேட்டான் மகன்.

"நாங்கதான்."

அப்போது ஒரு சின்ன விஷயம் நடந்தது. மகனும் மகளும் தலையைத் திருப்பி ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கண்ணாடித் தடுப்பு எழுந்த பிறகு இதுதான் முதல் தடவை. உடனே ஆலோசகர்கள் காதில் ஏதோ ஓத, இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மகன் வாசல் வழியாகவும் மகள் சமையலறை வழியாகவும் போனார்கள். மூலையில் இருந்தவரிடம் யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. ஒத்திகை அவ்வளவு தத்ரூபமாக அமைந்திருந்தது.

காவலர் வந்து அவர் கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றினார்.

"நான் என்ன நடக்கக்கூடாதுன்னு உங்ககிட்ட வந்தேனோ அது நடந்துடுச்சே சார்."

"அதத்தான் ஐயா நான் சாதனைன்னு சொல்றேன்." காவலரின் குரல் தழுதழுத்தது. "எத்தனையோ அப்பாக்கள், பிள்ளைங்க அடிச்சிக்கறதப் பாக்காமயே போயிடறாங்க. உங்களுக்கு அந்தக் கொடுப்பினை இருக்கு. கண்ணாரப் பாத்துட்டீங்க. இனிமே உங்களுக்குப் பயப்பட என்ன இருக்கு?"

மெத்தைக்காரர் காலிக் காபி டம்ளரையே பார்த்தார். பிள்ளைகள் பார்த்துக்கொண்ட அந்த ஒரு பார்வை அவர் கண்ணை விட்டுப் போகவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஒண்ணு பண்ணலாம் சார். எல்லாத்தையும் உங்க நிறுவனத்துக்கே எழுதிடறேன். பிள்ளைங்களுக்கு ஒண்ணும் வேண்டாம்."

காவலர் நெஞ்சில் கை வைத்தார். "ஐயா, என்ன பேச்சு இது. நாங்க இந்தத் தொழில்ல இருக்கிறது சொத்துக்காக இல்ல. குடும்பங்கள் வாழணும்கிற ஒரே எண்ணத்துலதான். இந்த மாதிரிப் பேச்சக் காதால கேக்கறதே எங்க கொள்கைக்கு விரோதம்." சற்று நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார். "அடுக்குமாடிக் கட்டடமும் இதுல சேந்துதானே?"

"சேந்துதான்."

"குடியிருக்கிறவங்களோடவா, காலி பண்ணிக் குடுப்பீங்களா?"

செய்தி தொழிற்சாலைக்குப் போய்ச் சேர அதிக நேரமாகவில்லை. மெத்தைக்காரரே ஃபோன் பண்ணி மேனேஜரிடம் சொல்லி, யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மத்தியானம் மேனேஜர் திரும்பக் கூப்பிட்டார்.

"ஐயா, சின்னம்மா கண்ணாடியத் தட்டினாங்க. சின்னையா திறக்கல. அப்புறம் ஒரு ஸ்டூலத் தூக்கிக் கண்ணாடிய உடைச்சுட்டாங்க."

"அடிதடியா?"

"இல்லைங்க. இப்ப ரெண்டு பேரும் ஒரே டப்பாவுல சாப்பிட்டுக்கிட்டே உங்களத் திட்டிக்கிட்டிருக்காங்க."

"நல்லாத் திட்டறாங்களா?"

"வாய் ஓயலைங்க. புத்தி பேதலிச்சுப்போச்சு, டாக்டரக் கூட்டிட்டுப் போய்க் காட்டி எழுதினது செல்லாதுன்னு ஆக்கிடணும்னு சின்னையா சொல்றாரு. சின்னம்மா, கிழம் அவ்வளவு சுலபமா மாட்டாதுங்கறாங்க."

"சரி சரி, மிச்சத்தையும் கேட்டுச் சொல்லு," என்று மெத்தைக்காரர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டார்.

மெத்தைக்காரர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அந்த வாரமே மனநல மருத்துவர் வீட்டுக்கு வந்தார். மகனும் மகளும் ஒரே காரில் வந்தார்கள். அவன் ஓட்டினான், அவள் முன் சீட்டில் உட்கார்ந்து வழிநெடுக அவன் ஓட்டுகிற லட்சணத்தைக் குறைசொல்லிக்கொண்டு வந்தது, இறங்கும்போதும் முடிந்திருக்கவில்லை. கூடத்து சோபாவில் அருகருகே உட்கார்ந்தார்கள். எதிரே காவலர் உட்கார்ந்திருந்தார். கட்சிக்காரரின் புத்தித் தெளிவுக்குச் சாட்சி சொல்வதற்காகத் தாமாகவே வந்திருந்தார்.

"இவ்வளவு தெளிவான மனுஷர நான் பாத்ததில்ல டாக்டர்," என்றார். "அவர் எடுத்த முடிவிலேயே அது தெரியலையா?"

டாக்டர் அதற்குப் பதில் சொல்லாமல் மெத்தைக்காரர் முன்னால் ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் வைத்தார். "ஒரு கடிகாரம் வரையணும் ஐயா. வட்டம் போட்டு, நம்பர் எல்லாம் அந்தந்த இடத்துல எழுதுங்க. அவ்வளவுதான்."

"அதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம் டாக்டர். எனக்குப் புத்தி சரியா இருந்தா என்ன ஆகும்?"

"நீங்க எழுதினது எழுதினபடி நிக்கும்."

"சரியில்லன்னா?"

"எழுதினது செல்லாது. உங்களையும் உங்க சொத்தையும் உங்க பிள்ளைங்கதான் பாத்துக்கணும். எந்தக் காகிதத்துலயும் ரெண்டு பேரும் சேந்துதான் கையெழுத்துப் போடணும். உங்கள என்கிட்டக் காட்ட வரும்போதும் ரெண்டு பேரும் வரணும்."

"ஒருத்தர் மட்டும் வந்தா?"

"கோர்ட்டுல ஏத்துக்கமாட்டாங்க."

"எவ்வளவு காலத்துக்கு?"

"நீங்க இருக்கற வரைக்கும்."

மெத்தைக்காரர் தலையாட்டிவிட்டுப் பென்சிலை எடுத்தார். துணியில் சாக்பீஸால் கோடு போட்டு வெட்டிப் பழகிய கை; ஒரே இழுப்பில், காம்பஸ் வைத்ததுபோல் வட்டம் விழுந்தது.

"போச்சு," என்று மகள் கிசுகிசுத்தது காதில் விழுந்தது. "அண்ணா, சரியாப் போட்டுடுவாருபோல இருக்கே."

"வாய மூடு. நம்பர் இன்னும் இருக்கு."

காவலர் திருப்தியாகக் கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

மெத்தைக்காரர் பன்னிரண்டை எடுத்து, கொஞ்சமும் அவசரப்படாமல், வட்டத்தின் அடியில் எழுதினார்.

காவலர்தான் முதலில் எழுந்தார். "ஐயா, நல்லா யோசிச்சுப் போடுங்க. அன்னைக்குக்கூட நாம இதே இடத்துல உக்காந்து எவ்வளவு தெளிவாப் பேசினோம். கட்டடம், நிலம், எல்லாம் வரிசையாச் சொன்னீங்களே."

மெத்தைக்காரர் தலையைத் தூக்கி அவரைப் பிரியமாகப் பார்த்தார். "தம்பி யாரு? துக்கம் கேக்க வந்தீங்களா?"

பின்னாலிருந்து ஒரு விசும்பல் வந்தது. கிழம் மாட்டாது என்று சொன்னவள்தான். வேண்டியது கிடைத்துவிட்டது, ஆனால் அவள் முகம் வெளுத்திருந்தது. "அண்ணா, அப்பாவுக்கு நிஜமாவே..." என்று ஆரம்பித்து முடிக்காமல் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் வாரவில்லை. அவள் கைமேல் தன் இன்னொரு கையையும் வைத்து மூடிக்கொண்டான்.

மெத்தைக்காரரின் பென்சில் நின்றது. திரும்பி, ஒண்ணுமில்லம்மா, அப்பா சும்மா விளையாடினேன் என்று சொல்லிவிட வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவள் அழுதால் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தாங்காது. சோபாவில் கோத்திருந்த கைகளை இன்னொரு முறை பார்த்துக்கொண்டார்.

பிறகு தாளைத் தன் பக்கமாக இழுத்து, உச்சியில் ஆறைப் போட்டார்.